க்விட் என்ற சொல்லின் சொந்தக்காரர்கள்

அவருக்கு டிக்‌ஷனரி என்று பெயர் வைத்தது அவருடைய மனைவிதான். அன்பினால் வைத்த பெயர் என்று நினைத்துவிடாதீர்கள். ஒருநாள் காலையில் வீட்டுக் குழாயில் தண்ணீர் நின்றுபோனது. குழாய் ரிப்பேர்காரரைக் கூப்பிடுங்கள் என்று அவள் சொல்ல, இவர் வாசலில் நின்றபடி, "ரிப்பேர்னு ஏன் சொல்றே? ஃபிக்ஸ்னு சொல்லலாம், மெண்ட்னு சொல்லலாம். ஒவ்வொண்ணுக்கும் ஒரு அழகு இருக்கு" என்று ஆரம்பித்தார். கையில் காலி வாளியோடு நின்றவள், "எந்த வார்த்தையச் சொன்னா தண்ணி வருமோ அதை மட்டும் சொல்லுங்க டிக்‌ஷனரி" என்றாள். பக்கத்து வீட்டில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் நுரை சிந்தச் சிரித்தார். அன்றே தெரு முழுக்கப் பெயர் பரவிவிட்டது.

உத்தியோகம் புருஷ லட்சணம் என்பார்கள். அந்த வீட்டில் லட்சணம் அத்தனையும் மனைவியிடம் இருந்தது. அவளுக்கு ரெடிமேட் சட்டை கம்பெனியில் காஜா எடுக்கிற வேலை. பட்டன் நுழைகிற ஓட்டையை மெஷினில் போட்டு, ஓரம் பிசிறில்லாமல் கட்டி, அடுத்த மேசைக்குத் தள்ள வேண்டும். அவள் கை பட்ட சட்டை திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. அவரோ மாடியறையில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு என்று போர்டு மாட்டிவிட்டு, நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். போர்டைப் பார்த்து உள்ளே வந்தவர்களில் பாதிப் பேர் வேறு ஏதோ முகவரி கேட்க வந்தவர்கள்.

இப்படி இருக்கும்போது கம்பெனியில் திடீரென்று தொழிலாளர்களுக்கு இலவச இங்கிலீஷ் வகுப்பு என்று அறிவித்தார்கள். சோழியன் குடுமி சும்மா ஆடாது என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றாததற்கும் காரணம் உண்டு. இங்கிலீஷ் தெரிந்தவர்களை சூபர்வைசர் ஆக்கப்போகிறார்கள் என்று ஒரு பேச்சு கேன்டீன் வழியாகக் கசிந்து வந்தது. கசியவிட்டது யார் என்று கேட்க வேண்டிய நேரத்தில் எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். காஜாக்காரி நேராக மேனேஜரிடம் போய், "எங்க வீட்டுக்காரர் நல்லா சொல்லித்தருவார் சார்" என்றாள். தெருவில் அவரைக் கிண்டல் செய்தவள்தான். ஆனாலும் தன் வீட்டு ஆள் சும்மா உட்கார்ந்திருப்பதை எந்தப் பெண்டாட்டி சகித்துக்கொள்வாள்?

வகுப்பு கேன்டீனில் நடந்தது. ஷிப்ட் முடிந்து, மேசைகளைத் துடைத்து, ஈரம் காய்வதற்குள் எல்லோரும் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். இதைச் சொல்லாமல் விடக்கூடாது: மனிதர் நல்ல வாத்தியார். வாரத்துக்கு ஒரு வினைச்சொல். "ஒரு வெர்ப் உங்க வீட்டுக்குத் தனியா வராது. மாமன், மச்சான், சித்தப்பா, ஒண்ணுவிட்ட தம்பின்னு எல்லாரையும் கூட்டிக்கிட்டுத்தான் வரும். சொந்தக்காரங்களைத் தெரிஞ்சுக்கிட்டா வெர்ப்பைத் தெரிஞ்ச மாதிரி" என்பார். பிறகு டஸ்டரால் மேசையில் டொக் டொக் என்று இரண்டு தட்டு. "ஸ்டார்ட்! சொந்தக்காரங்க?" என்று கூவுவார். முதல் குரல் எப்போதும் காஜாக்காரியுடையது. அதைப் பிடித்துக்கொண்டு மொத்தக் கூட்டமும், "பிகின்! ஓப்பன்! கமென்ஸ்!" என்று கூரை அதிரக் கத்தும். "தமிழ்ல?" "தொடங்கு!" தையல் மெஷின் சத்தத்திலேயே பேசிப் பழகியவர்கள். மெதுவாகப் பேச அவர்களுக்குத் தெரியாது.

இஸ்திரிப் பிரிவில் ஒருவர் இருந்தார். கேள்வி கேட்டால் பதில் வர அரைநாள் ஆகும் என்பதால் அரைநாள் என்றே அவருக்குப் பெயர். எல்லோரும் கத்தி முடித்து அமைதியான பிறகு, அவர் மட்டும் தனியாக, "பி... பிகின்" என்பார். கூட்டம் சிரிக்கும். டிக்‌ஷனரிக்கு அந்தச் சிரிப்பு பிடித்துப்போனது. பிறத்தியார் சிரிப்புக்கு அத்தனை வருஷம் இலக்காக இருந்த மனிதர், சிரிப்பை இன்னொருவர் பக்கம் திருப்பிவிடுகிற சுகத்தைக் கண்டுகொண்டார். "எழுந்து நில்லுங்க. என்ன, மூளைக்கும் சேர்த்து இஸ்திரி போட்டுட்டீங்களா? ஒரு மடிப்பையும் காணோமே!" என்பார். அரைநாளும் சேர்ந்து சிரிப்பார். நரை விழுந்த தலையைக் கவிழ்த்து, அடுத்த வாரம் சொல்லிவிடுகிறேன் சார் என்பார். அடுத்த வாரமும் அதே கதைதான்.

வீட்டில் வேறொரு அதிசயம் நடந்துகொண்டிருந்தது. காஜாக்காரி பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொந்தக்காரர்களை ஒப்பித்தாள். "டிக்‌ஷனரி" என்று கூப்பிடுவது குறைந்து, "ஏங்க" என்பது வந்தது. பக்கத்து வீட்டுக்காரியிடம், "எங்க வீட்டுக்காரர் சொல்லிக்குடுத்தா மண்டையில ஏறாம இருக்காது" என்று அவள் சொன்னதை இவர் ஜன்னலுக்குப் பின்னால் நின்று கேட்டார். கேட்டுவிட்டு, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவருக்கு அப்படியொரு சந்தோஷம் வாய்த்ததில்லை.

மேனேஜர் அவரைக் கூப்பிட்டது அந்தச் சமயத்தில்தான். கண்ணாடி அறை. டீ வந்தது.

"இந்த வாரம் என்ன வெர்ப் சார்?"

"கிவ் எடுக்கலாம்னு இருக்கேன்."

"க்விட் எடுங்க. நல்லா ஆழமா எடுங்க. முடிஞ்சதும் ஒரு சின்ன பரீட்சை. ஒவ்வொருத்தரா வந்து ஒரு வாக்கியம் சொல்லட்டும், நாங்க வீடியோ எடுத்துக்கறோம்." மேனேஜர் ஒரு காகிதத் துண்டை நகர்த்தினார். நான் என் சுய விருப்பத்தின் பேரில் இந்த வேலையை விட்டு விலகுகிறேன் என்பதை இங்கிலீஷில் எழுதியிருந்தது. க்விட்டும் இருந்தது, ரிசைனும் இருந்தது.

டிக்‌ஷனரி முட்டாள் இல்லை. டீயைக் கீழே வைத்தார்.

"ஆளைக் குறைக்கணும் சார். நாங்களா அனுப்பினா ஆயிரம் வம்பு. அவங்களா போனா ஒண்ணும் இல்லை" என்றார் மேனேஜர், பழம் விலை சொல்வது மாதிரி. "புது யூனிட் திறக்கறோம். அங்க உங்களுக்கு நிரந்தர வேலை. பயிற்சி ஆபீசர்னு கதவுல பேர் போட்டுடலாம்."

"என் வீட்டுக்காரியும் இதுல இருக்கா."

"தெரியும். அவங்க வராம இருந்தா மத்தவங்களுக்கு சந்தேகம் வரும். அவங்கதானே எப்பவும் முதல் குரல்? வந்து சொல்லட்டும். அதை மட்டும் நான் தனியா எடுத்து வெச்சிடறேன்."

ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதை அவருக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் கதவில் தன் பெயரை ஒருமுறை மனசுக்குள் எழுதிப் பார்த்துவிட்டார். எழுதியதை அழிக்க மனசு வரவில்லை. டீயை எடுத்துக் குடித்தார்.

க்விட் வாரம் போல ஒரு வாரம் அந்தக் கேன்டீனில் நடந்ததில்லை. டொக் டொக். "க்விட்! சொந்தக்காரங்க?" "லீவ்! ரிசைன்! கிவ் அப்! ஸ்டெப் டவுன்!" "தமிழ்ல?" "விட்டு விலகு!" சிகரெட்டை க்விட் பண்ணலாம், விளையாட்டை க்விட் பண்ணலாம், கெட்ட சகவாசத்தை க்விட் பண்ணலாம் என்று பழக்கத்திலிருக்கும் பேச்சையெல்லாம் எடுத்துப் போட்டார். ஆளுக்கொரு வாக்கியம் சொல்லச் சொன்னார். காஜாக்காரி எழுந்து, "மை ஹஸ்பெண்ட் மஸ்ட் க்விட் ஸ்னோரிங்" என்றாள். கேன்டீன் சமையல்காரர்கூட வெளியே வந்து சிரித்தார். அரைநாள் வழக்கம்போல எல்லோரும் முடித்த பிறகு, "லீவ்... ரி... அப்புறம் என்ன சார்?" என்றார். "அப்புறம் நீங்க வீட்டுக்குப் போகலாம்" என்றார் வாத்தியார். அதற்கும் சிரித்தார்கள். எதற்குச் சிரிக்கிறோம் என்று அறிந்திருந்த ஒரே ஆள் வாத்தியார்தான். அவரும் சிரித்தார்.

பரீட்சை வாக்கியத்தைச் சொன்னதும் ஒருத்தி கேட்டாள்: "என்ன சார், வேலைய விடறேன்னு சொல்லச் சொல்றீங்க? வாய் வெச்ச மாதிரி ஆயிடாதா?"

"நாடகத்துல நான்தான் ராஜான்னு சொன்னா நீ ராஜா ஆயிடுவியா?" என்றார் டிக்‌ஷனரி. அந்தப் பதிலை அவர் முந்தின நாளே தயாரித்து வைத்திருந்தார்.

பரீட்சையன்று காலையில் காஜாக்காரி விசேஷத்துக்கு உடுத்துகிற நல்ல சேலையை எடுத்து உடுத்தினாள். கண்ணாடி முன் நின்று வாக்கியத்தை ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "ஏங்க, ரிசைன்ல அந்த எஸ்ஸு சரியா விழுதா?" அவர் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார். இன்னைக்கு நீ வராதே என்று மூன்று வார்த்தை சொன்னால் போதும். ஏன் என்று கேட்பாள். கேட்டால் சொல்ல வேண்டும். சொன்னால் அந்த "ஏங்க" போய்விடும். "நல்லா விழுது" என்றார்.

அடுத்த வாரம் கம்பெனி கேட்டில் அவர்களுடைய அட்டைகள் வேலை செய்யவில்லை. காவலாளி திரும்பத் திரும்பத் தேய்த்துப் பார்த்துவிட்டு, உள்ளே போன் செய்தார். மேனேஜர் வெளியே வந்து, போனைத் திறந்து, அவரவர் முகத்தை அவரவரிடமே காட்டினார். "நீங்களே சொன்னீங்களேம்மா, சுய விருப்பம்னு" என்றார். இருபது வருஷம் அந்த கேட்டுக்குள் போய் வந்தவர்களும் இருந்தார்கள். எல்லோரும் வெயிலில் நின்றார்கள்.

டிக்‌ஷனரி பின்வாசல் வழியாகக் கண்ணாடி அறைக்கு ஓடினார். "என் வீட்டுக்காரிய எடுத்துடறேன்னு சொன்னீங்க!"

"எடுத்துடலாம்னுதான் இருந்தேன். நம்ம வக்கீல் விடமாட்டேங்கறார் சார். மத்தவங்கல்லாம் முணுமுணுக்கறாங்க. உங்க வீட்டம்மாதான் கணீர்னு, ஒரு எழுத்து தேயாம சொல்லியிருக்காங்க. அதைத்தான் முதல்ல போட்டுக் காட்டப்போறோம். நல்லா சொல்லிக்குடுத்திருக்கீங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, "விசாரணைக்கு உங்களைக் கூப்பிடுவாங்க. அது பரீட்சைன்னு சொன்னீங்கன்னா, ஏமாத்தினது நீங்கன்னு ஆகும். யோசிச்சுக்கங்க" என்றார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அவள் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்து வாசலிலேயே நின்றார். அவள் நிமிர்ந்து, "உங்க தப்பு என்னங்க இருக்கு? உங்களையும் சேர்த்துல்ல ஏமாத்திட்டான்" என்றாள். "எல்லாரும் நேரா ஒரு வக்கீல்கிட்ட போய் மனு குடுத்துட்டோம், தொழிலாளர் ஆபீசர் விசாரிக்கப்போறாராம். எங்களுக்கு அந்த வாக்கியத்துக்கு அர்த்தமே தெரியாதுன்னு சொல்லச் சொல்லியிருக்கார் எங்க வக்கீல். நீங்க வந்து, அது பரீட்சைதான்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. எல்லாருக்கும் வேலை திரும்பக் கிடைச்சிடும்." பெண்டாட்டி செருப்பால் அடித்திருந்தால்கூட அவருக்கு அவ்வளவு வலித்திருக்காது. "சொல்றேன்" என்றார்.

விசாரணை அறையில் பெஞ்சுகள் போதவில்லை. கேன்டீனில் உட்கார்ந்த அதே வரிசையில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் உட்காரச் சொல்லவில்லை, பழக்கம். காஜாக்காரி முன் பெஞ்சில், அரைநாள் கடைசிச் சுவரோரத்தில். யாரும் தானாக வாயைத் திறக்கக்கூடாது, எது கேட்டாலும் தெரியாது என்று சொல்லுங்கள் என அவர்களுடைய வக்கீல் ஒவ்வொருவருக்கும் சொல்லி வைத்திருந்தார். தொழிலாளர் அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி வீடியோவைப் பார்த்தார். காஜாக்காரியின் குரல் அறை முழுக்கக் கணீரென்று கேட்டது. அவள் தன் குரலைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இவங்க தையல் வேலை செய்யறவங்க. என்ன சொல்றோம்னு தெரிஞ்சு சொன்னாங்கன்னு நான் எப்படி நம்பறது?" என்றார் அதிகாரி. முகத்தைப் பார்த்தால் நியாயமான மனிதராகவே தெரிந்தார். பிறகு டிக்‌ஷனரி பக்கம் திரும்பினார். "நீங்கதான் வாத்தியாரா? இந்த வீடியோ எடுத்தது வகுப்புல ஒரு பகுதியா? பரீட்சையா?"

காஜாக்காரி நிமிர்ந்து பார்த்தாள். மேனேஜரும் பார்த்தார்.

"வகுப்பு அதுக்கு முந்தின நாளே முடிஞ்சிடுச்சு சார்" என்றார் டிக்‌ஷனரி.

பொய் இல்லை என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவள் முகத்தில் முதலில் ஒன்றும் மாறவில்லை. அவர் சொன்னது சரியாகக் காதில் விழவில்லை என்பதுபோல, இன்னொரு முறை சொல்வார் என்று காத்திருந்தாள்.

"சரி. இவங்களுக்கு அர்த்தம் தெரியுமா? இல்ல, கிளிப்பிள்ளை மாதிரிதான் சொன்னாங்களா?"

இந்த இடத்தில் அவர் சும்மா இருந்திருக்கலாம். எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அதற்கு மேனேஜர்கூட ஒன்றும் செய்திருக்க முடியாது. ஆனால் கிளிப்பிள்ளை என்ற வார்த்தை அந்த மனிதரைச் சுட்டுவிட்டது. அத்தனை பேர் எதிரில், தன் வகுப்பைப் பார்த்து! "என்கிட்ட படிச்சவங்க அர்த்தம் தெரியாம ஒரு வார்த்தை சொல்லமாட்டாங்க சார்" என்றார்.

"நம்ப முடியலையே."

"செஞ்சு காட்டுங்க சார்" என்றார் மேனேஜர், மெதுவாக.

அதிகாரியின் மேசையில் பேப்பர்வெயிட் ஒன்று இருந்தது. டிக்‌ஷனரி அதை எடுத்தார். காஜாக்காரிக்கு அப்போதுதான் எல்லாம் புரிந்தது. பரீட்சை வாக்கியம், செருப்பைத் தேடிக் குனிந்தது, நாடகத்து ராஜா, எல்லாம் ஒரே நொடியில். "வேணாங்க" என்றாள். அவருக்குக் கேட்டது.

டொக் டொக். "க்விட்! சொந்தக்காரங்க?"

முதல் குரல் எழவில்லை. அவள் உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு அவரையே பார்த்தாள். முதல் குரல் இல்லாமல் மற்றவர்களுக்குத் தொடங்கத் தெரியாது. பாதித் திறந்த வாய்கள் அப்படியே நின்றன. வக்கீல் பெருமூச்சு விட்டார். காரியம் கெடாமல் பிழைத்தது என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

அப்போது கடைசிச் சுவரோரத்திலிருந்து ஒரு குரல். "லீவ்! ரிசைன்! கிவ் அப்! ஸ்டெப் டவுன்!"

அரைநாள் எழுந்து நின்றுகொண்டிருந்தார். வேலை போன நாளிலிருந்து வீட்டில் உட்கார்ந்து அவர் அதைத்தான் மனப்பாடம் செய்திருந்தார். வேலை திரும்பக் கிடைத்தால் வகுப்பும் திரும்ப நடக்குமே, அங்கே இனிமேல் மானம் போகக்கூடாதே என்ற கவலை. வக்கீல் சொன்னது மறந்துபோனது. முகம் பூரித்துக் கிடந்தது. முதல் குரல் கிடைத்ததும் மொத்தக் கூட்டமும் தன்னையறியாமல் அதைப் பிடித்துக்கொண்டது. "லீவ்! ரிசைன்! கிவ் அப்! ஸ்டெப் டவுன்!"

"தமிழ்ல?" என்று டிக்‌ஷனரி கேட்டாரா, அவர் வாய் தானாகக் கேட்டதா, அவருக்கே தெரியாது.

"விட்டு விலகு!"

கத்தி முடித்த பிறகுதான் ஒவ்வொருவராக வாயைப் பொத்தினார்கள். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளைகளுக்கு வாயைக் கொடுத்ததே வாத்தியார்தான். அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "இதுக்கு மேல நான் என்ன கேக்கறது?" என்றார். கோப்பை மூடிவிட்டார்.

நடைபாதையில் அரைநாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தார். அவருக்கு இன்னும் எதுவும் எட்டவில்லை. எட்ட அரைநாள் ஆகும். "சார், ஒண்ணுகூட விடலை, பார்த்தீங்களா? வரிசை மாறாம சொன்னேன்!"

டிக்‌ஷனரி வேறு பக்கம் பார்த்தார். பதில் சொன்னது பின்னால் வந்த காஜாக்காரி. "நல்லா சொன்னீங்கண்ணே" என்று அவர் தோளைத் தொட்டாள். "வாங்க, பஸ்சுக்கு நேரமாச்சு." கணவரைத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

புது யூனிட்டில் கதவில் பெயர் போட்டார்கள். ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. அங்கேயும் கேன்டீன், அங்கேயும் டஸ்டர். காஜாக்காரி வீட்டை விட்டுப் போய்விடுவாள் என்று தெருவே எதிர்பார்த்தது. அவள் போகவில்லை. போக இடமில்லாததால் இருந்தாளோ, இருந்து தீர்ப்பதற்காக இருந்தாளோ, அவளுக்குத்தான் வெளிச்சம். சண்டை போடவில்லை. சமைத்தாள், துவைத்தாள். வேறு கம்பெனிகளில் ஏறி இறங்கினாள். இங்கிலீஷில் ஒரு வார்த்தைகூட அவள் வாயில் அதற்குப் பிறகு வரவில்லை, ஒரே ஒரு வார்த்தையைத் தவிர.

ஒருநாள் அவர் வேலை முடிந்து வந்து கைகால் கழுவிவிட்டு உட்கார்ந்தார். அவள் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள்.

"சாப்பிடுங்க சார்."

தினமும் அதே வார்த்தை. காலையில் தண்ணீர் வெச்சிருக்கேன் சார், மாலையில் கதவு திறந்திருக்கு சார். கேலி கலந்திருந்தால்கூடப் பரவாயில்லை. மேனேஜரிடம் பேசுகிற அதே குரல், அதே தூரம்.

"டிக்‌ஷனரின்னே கூப்பிடேன்" என்றார். குரல் பிச்சைக்காரன் குரலாக வந்தது. "தெருவுக்கே கேக்கற மாதிரி, பழையபடி கூப்பிடேன்."

அவள் டம்ளரில் தண்ணீரை ஊற்றி அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தாள். வைத்த வேகத்தில் டம்ளர் மேசையில் இரண்டு முறை தட்டியது. அவர் உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது.

"ஆறிடும், சாப்பிடுங்க சார்" என்றுவிட்டு உள்ளே போனாள்.